என் உள்ளங்கைக்குக் கீழே இருந்த தாள்

வாசகரே, உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். நடுவராக இருக்க வேண்டாம். நடுவர்கள் எனக்கு நிறையக் கிடைத்திருக்கிறார்கள். பள்ளி மேடையிலும் கல்லூரி அரங்கிலும் பொங்கல் விழாப் பந்தலிலும் மணியடித்து நேரம் முடிந்தது என்று அறிவித்தவர்கள், சால்வை போர்த்தியவர்கள், கோப்பையைக் கையில் திணித்துப் படமெடுத்துக்கொண்டவர்கள். அவர்கள் எல்லோரும் நான் பேசியதைக் கேட்டார்கள். நான் செய்ததைப் பார்த்தவர் ஒரே ஒருவர்தான், அவரோ இந்த வழக்கில் பாதிக்கப்பட்டவர். அதனால்தான் மூன்றாம் மனிதராக நீங்கள் வேண்டியிருக்கிறது. கடைசியில் ஒரு வாக்குறுதி வரும். அதை நான் உரக்கச் சொன்னேன் என்பதை நினைவில் வைத்திருங்கள். பேச்சுக்காரன் தன் சொல்லிலிருந்து எவ்வளவு அழகாக நழுவுவான் என்பதை இருபத்தாறு வயதுக்குள் நான் நன்றாகவே கற்றுக்கொண்டிருக்கிறேன்.

நான் உரிமம் பெற்ற விமானி. இருநூற்று நான்கு மணி நேரம் பறந்திருக்கிறேன். உரிமம் வாங்க இருநூறு போதும். வேலை தருகிறவர்களுக்கு ஐந்நூறு வேண்டும். எந்த விளம்பரத்தைத் திறந்தாலும் 'குறைந்தபட்சம்' என்ற சொல்லை அடுத்து அந்த எண் வந்து உட்கார்ந்திருக்கும். இடையில் உள்ள மணி நேரங்களை எங்கே பெறுவது? வேலையில்தான். வேலையை எப்படிப் பெறுவது? அந்த மணி நேரங்களைக் காட்டித்தான். இந்த வளையத்தை முதன்முறை எனக்கு விளக்கிய பயிற்சிப் பள்ளி ஆசிரியர் சிரித்துக்கொண்டே விளக்கினார். நாங்கள் ஒன்பது பேரும் சிரித்தோம். அப்போது எங்கள் யாரிடமும் உரிமம் இல்லை.

உரிமம் கைக்கு வந்து நான் மெயின்லேண்ட் என்று நாங்கள் சொல்லும் இந்தியக் கரையிலிருந்து அந்தமானின் போர்ட் பிளேருக்குத் திரும்பியபோது எங்கள் தமிழர் சங்கம் ஃபிளெக்ஸ் வைத்தது. குட்வில் எஸ்டேட்டில் எங்கள் வீட்டுக்குத் திரும்பும் முனையில், என் தோளில் நான்கு பொன் பட்டைகளை வரைந்து, பின்னால் நான் ஒருபோதும் தொட்டிராத ஒரு பெரிய ஜெட் விமானத்தை ஒட்டி, 'தீவு தந்த வானவனே' என்று எழுதியிருந்தார்கள். நான்கு பட்டைகள் கேப்டனுக்கு உரியவை. எனக்கு அவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. அதை நான் யாருக்கும் சொல்லவில்லை. பாராட்டு விழாவில் நாற்பது நிமிடம் பேசினேன். "ஆறே மாதம்! இந்தத் தீவின் மேல் பறக்கும் விமானத்தில் 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' என்று ஒரு தமிழ்க் குரல் ஒலிக்கும். அது உங்கள் வீட்டுக் குரலாக இருக்கும்!" என்று முடித்தேன். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. இறங்கி வந்த என்னிடம் செயலாளர், "தம்பி, எந்தக் கம்பெனி? எப்ப டியூட்டி?" என்று கேட்டார். "பேச்சுவார்த்தை நடக்குது அண்ணே" என்றேன். பேச்சும் இல்லை, வார்த்தையும் இல்லை.

அதன்பின் நடந்ததை நீட்டிச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. சென்னையிலும் பெங்களூரிலும் விமானக் கொட்டகைகளின் வாசலில் சான்றிதழ்க் கோப்புடன் நின்றேன். வாசல் காவலர்கள் விண்ணப்பத்தை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டார்கள். அந்த இழுப்பறையில் ஏற்கெனவே கிடந்த விண்ணப்பங்களின் உயரத்தை நான் பார்த்தேன். மருத்துவச் சான்று காலாவதியானது, புதுப்பித்தேன். கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதி காலாவதியானது, அதையும் புதுப்பித்தேன். விமானி வேலை செய்யாதவனுக்கு விமானியாகவே நீடிப்பதுதான் முழு நேர வேலை. அப்பா சாத்தம் மர ஆலையில் பணிபுரிகிறார். ராமநாதபுரத்தில் இருந்த நிலம் என் பயிற்சியோடு போயிற்று. அதைப் பற்றி அவர் ஒருமுறைகூடக் குத்திக்காட்டியதில்லை. ஒருநாள் மட்டும் கைப்பேசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "ஊர்லேர்ந்து உங்க பெரியப்பா. ஒம் புள்ள எந்த ஃப்ளைட் ஓட்டுறான்னு கேக்குறாரு" என்றார்.

"நீங்க என்னப்பா சொன்னீங்க?"

"பெரிய ஃப்ளைட்டுன்னேன். சின்னதா சொன்னா அடுத்த கேள்வி கேப்பாருல்ல."

என்னோடு பயின்ற ஒருவன் எனக்கு வேறு வழி காட்டினான். "பேனா இருக்கு, பறப்புப் பதிவேடு இருக்கு. மேல வானத்துல உன்னை யாருடா பாத்தா? முன்னூறு மணி நேரம் எழுது. நான் கையெழுத்து வாங்கித் தர்றேன்." பறக்காத நேரத்தைப் பறந்ததாக எழுதுவது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த, யாரும் ஒப்புக்கொள்ளாத வழக்கம். நான் மறுத்தேன். வாய்மையைப் பற்றிக் கைப்பேசியிலேயே அவனுக்கு ஓர் உரை நிகழ்த்தினேன். அந்த மறுப்பின் பெருமிதம் எனக்குப் பல மாதம் சோறு போட்டது. பொய்யை எழுத மறுத்த அதே வலக்கை பின்னால் என்ன செய்தது என்பதைச் சொல்லத்தான் இந்த முன்னுரை முழுவதும்.

பிழைப்புக்கு ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், ஒரு வேலை கிடைத்தது. நீல் தீவுக்கும் ஹேவ்லாக்குக்கும் செல்லும் ஒரு தனியார் பயணிகள் படகு நிறுவனத்தில் அறிவிப்பாளர். ஆம், மைக்கில் பேசும் வேலை. சங்கத்து விழாவில் நான் சொன்ன அதே வரி, 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு', இப்போது ஜெட்டியின் ஒலிபெருக்கியில் ஒலித்தது. அதைக் கேட்டு நின்ற பயணிகளில் சிலர் அந்தப் பந்தலில் கைதட்டியவர்கள்.

அங்கே என் மேற்பார்வையாளர் காயல்பட்டினத்துக்காரர். எல்லோருக்கும் அவர் பாய்தான். முதல் நாளே என் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டார்.

"தம்பி, என்ன இது, 'நீலக்கடலின் மடியில் தவழ்ந்து'ன்னு? ஜனங்க பெட்டியைத் தூக்கிக்கிட்டு நிக்குது. கேட்டு நம்பர், டைம், போட்டு பேர். அவ்வளவுதான். ஹிந்தில ஒரு தடவை, இங்கிலீஷ்ல ஒரு தடவை. தமிழ்ல வேணும்னா உன் ஆசைக்கு ஒரு தடவை."

படகோட்டிகள் என்னை 'பைலட் சாப்' என்று அழைத்தார்கள். துறைமுகத்தில் பைலட் என்றால் கப்பலைக் கரைக்குக் கொண்டுவரும் அதிகாரி. ஆகவே புதிதாக வந்த ஒருவன் எனக்கு உண்மையாகவே சலாம் வைத்தான். அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள். "பைலட் சாப், இன்னிக்கி காத்து அதிகம். போட்டைக் கொஞ்சம் தூக்கி ஓட்டச் சொல்லவா?" என்று கேட்பார்கள். பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லி அவர்களை வெல்வேன். வெல்லாமல் ஒரு பேச்சை முடிக்க எனக்குத் தெரியாது.

இப்படி இரண்டு ஆண்டுகள். பிறகு அந்த அறிவிப்பு வந்தது.

தீவுகளுக்கு இடையே சிறு விமானம் இயக்க ஒரு நிறுவனம் வருகிறது, ஒன்பது இருக்கை, பயிற்சித் துணை விமானிகள் இருவர் தேவை, பறப்பு நேரம் இருநூறு போதும், தீவுவாசி அட்டை உள்ளவர்களுக்கு முன்னுரிமை. அந்தக் கடைசி வரியை நான் எத்தனை முறை படித்தேன் என்பதைச் சொன்னால் சிரிப்பீர்கள். அட்டை என் பையில் இருந்தது. உலகம் முழுவதும் எனக்கு மூடியிருந்த கதவு, நான் பிறந்த ஊரில், என் வீட்டிலிருந்து ஆட்டோவில் போகும் தூரத்தில் திறந்திருந்தது. இதையும் விட்டால் வேறு இல்லை என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும். தேர்வு நாள் காலையில் அவர் என் ஷூவுக்கு பாலிஷ் போட்டு வைத்திருந்தார்.

ஒரு ஓட்டலின் கூட்ட அறையில் தேர்வு நடந்தது. ஆறு பேர் வந்திருந்தோம். நால்வர் மெயின்லேண்டிலிருந்து. தீவுக்காரர்கள் இருவர்: நானும், நீல் தீவிலிருந்து வந்த ஒரு பெண்ணும். அவள் தந்தை அங்கே காய்கறி பயிரிடுபவர், வங்காளத்திலிருந்து குடியேறிய குடும்பம். என்னைவிட ஆறு மணி நேரம் அதிகம் பறந்தவள். தாழ்ந்த குரல். காத்திருந்தபோது நான்தான் பேசினேன், அவள் கேட்டாள். "நீங்க ஜெட்டில மைக்ல பேசுறவர்தானே?" என்று ஹிந்தியில் கேட்டாள். "எங்க தீவுல எல்லாருக்கும் உங்க குரல் தெரியும்." அதைப் புகழ்ச்சியாக எடுத்துக்கொண்டு நன்றி சொன்னேன்.

எழுத்துத் தேர்வும் நேர்காணலும் முடிந்தபின் கூட்டுப் பயிற்சி. தேர்வாளர் நரைத்த மீசையுடைய வடநாட்டுக் கேப்டன். அவர் எங்களை ஒரு நீள மேசையைச் சுற்றி உட்காரவைத்து ஆளுக்கொரு தாள் கொடுத்தார். கார் நிக்கோபாரில் ஒரு நோயாளி. உடனே போர்ட் பிளேருக்குக் கொண்டுவர வேண்டும். வானிலை, எடை, காற்று, எரிபொருள் எல்லாம் தாளில். அங்கே எரிபொருள் நிரப்ப வசதி இல்லை என்பதும் தாளில். போகலாமா, கூடாதா? ஆறு பேரும் பேசி அரை மணி நேரத்தில் ஒரே முடிவுக்கு வர வேண்டும். அவர் அறையின் மறுகோடியில், இரைச்சலிடும் குளிர்சாதனப் பெட்டிக்குக் கீழே, குறிப்பேட்டுடன் அமர்ந்தார்.

இங்கே நீங்கள் எழுந்து நின்று கவனமாகப் பார்க்க வேண்டும்.

கல்லூரிச் சொற்போர்களில் எனக்கு ஒரு கைப்பழக்கம் உண்டு. எதிரணிக்காரர் குறிப்புச் சீட்டை நீட்டினால் அதன்மேல் என் உள்ளங்கையைப் பரிவோடு வைத்து, "சீட்டில் இருப்பது இருக்கட்டும் தோழரே, நெஞ்சில் இருப்பதைச் சொல்லுங்கள்" என்பேன். அரங்கம் அதிரும். சீட்டில் என்ன இருந்தது என்று அதற்குப்பின் யாரும் கேட்டதில்லை. இந்த ஒரு சைகைக்காகவே என்னைத் தலைமையேற்கக் கூப்பிட்ட கல்லூரிகள் உண்டு.

மேசையில் 'போகலாம்' என்ற பக்கத்தை நான் எடுத்துக்கொண்டேன். யாரும் தரவில்லை; எடுத்துக்கொண்டேன். கணக்கு போட்டேன், எரிபொருள் போய்த் திரும்பவும் போதும், மிச்சமும் இருந்தது. எனக்கு இடப்பக்கம் அமர்ந்திருந்த நீல் தீவுக்காரி தன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஆங்கிலத்தில், தன் தாழ்ந்த குரலில், "ஒரு நிமிடம், அந்த எரிபொருள் அளவு..." என்றாள்.

"எரிபொருளுக்கு வருவோம்" என்றேன். "முதலில் உயிருக்கு வருவோம். அங்கே ஒரு மனிதர் மூச்சுக்குப் போராடிக்கொண்டிருக்கிறார்." எதிரே இருந்த இருவர் தலையசைத்தார்கள்.

சற்று நேரத்தில் அவள் என் பக்கம் சாய்ந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, ஹிந்தியில் சொன்னாள்: "பாயி, ஸுனோ தோ, கொஞ்சம் கேளுங்க. அது கிலோ இல்லை."

பேசிக்கொண்டே சுட்டுவிரலை உயர்த்தினேன். பொறு என்று பொருள். மேடையில் அதை ஆணவம் என்று யாரும் சொன்னதில்லை.

நேரம் முடிய இரண்டு நிமிடம் இருந்தது. மெயின்லேண்ட் இளைஞன் ஒருவன் கைக்கடிகாரத்தைப் பார்த்து அதைச் சொன்னான். இன்னொருவன், "யாருக்காவது மாற்றுக் கருத்து உண்டா?" என்று கேட்டான். அவள் தன் தாளை என் முன்னால் நகர்த்தினாள். எரிபொருள் வரியில், எண்ணுக்குப் பக்கத்திலிருந்த சிறிய எழுத்துகளைச் சுற்றி வட்டம் போட்டிருந்தாள். நான் என் முடிவுரைக்குள் நுழைந்திருந்தேன். என் உள்ளங்கை அந்தத் தாளின் மேல் போய் உட்கார்ந்தது. முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு.

நான் பார்க்கவில்லை என்று சொல்ல எனக்கு விருப்பம். சொன்னால் நீங்களும் நம்பக்கூடும். பார்த்தேன். கை விழுவதற்கு முன், வட்டத்துக்குள் இருந்தது பவுண்டு என்பதைப் பார்த்தேன். நாங்கள் அதைக் கிலோவாக எடுத்துக் கணக்குப் போட்டிருந்தோம். அரை நொடியில் எனக்குப் புரிந்தது. ஆனால் கடைசி வாக்கியம் ஏற்கெனவே நாவில் இருந்தது, நல்ல வாக்கியம், அதைப் பாதியில் விழுங்கிப் பழக்கமில்லை.

"தயங்கியவர்களால் எந்த உயிரும் பிழைத்ததில்லை" என்று முடித்தேன். புறப்படலாம் என்பது எங்கள் ஒருமித்த முடிவு. கேப்டன் எல்லாத் தாள்களையும் வாங்கி அடுக்கிக்கொண்டார். அவளும் தன் தாளைக் கொடுத்தாள். வெளியே வந்தோம். நான் அவளிடம், "ரொம்ப நல்லா போச்சு, இல்ல?" என்றேன். வாசகரே, இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை கைப்பேசியில் ஒரு பெண் குரல், இந்த முறை இல்லை என்றது. தேர்வானவர்கள், கடிகாரம் பார்த்தவனும் மாற்றுக் கருத்து கேட்டவனுமான அந்த இரண்டு மெயின்லேண்ட் இளைஞர்கள். முன்னுரிமை என்ற வரியின்மேல் எவரோ உள்ளங்கையை வைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அப்பா ஆலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தார். "சாப்பிட்டுட்டுப் போ" என்றார், எங்கே போகிறேன் என்று கேட்கவில்லை.

ஓட்டலின் வரவேற்பறையில் கேப்டன் தேநீர் அருந்திக்கொண்டிருந்தார். நாங்கள் பேசியது ஆங்கிலத்தில். உட்காரச் சொன்னார், நின்றுகொண்டே பேசினேன். தீவின் பிள்ளைகளுக்குத் தீவின் வானம் மறுக்கப்படுவதைப் பற்றி, இருநூறுக்கும் ஐந்நூறுக்கும் இடையில் மடியும் ஒரு தலைமுறையைப் பற்றி, தாளில் ஒரு நீதியும் தேர்வில் வேறு நீதியும் இருப்பதைப் பற்றிப் பேசினேன். பத்து நிமிடம் இருக்கும். அவர் இடைமறிக்கவே இல்லை. அது எனக்கு நம்பிக்கை தந்தது.

"முடித்துவிட்டீர்களா?" என்று கேட்டார்.

"முடித்துவிட்டேன்."

"நேற்று நீங்கள் ஐந்து பேரையும் கூட்டிக்கொண்டு கடலில் இறங்கிவிட்டீர்கள். அந்தத் தாளில் எரிபொருள் பவுண்டில் இருந்தது. நான் வேண்டுமென்றே அப்படித் தருவேன். நீங்கள் நினைத்ததில் பாதிகூட இல்லை. நோயாளியையும் ஏற்றிக்கொண்டு திரும்பும் வழியில் மூழ்கியிருப்பீர்கள். கவனிக்காமல் போவது குற்றமில்லை, பலர் கவனிப்பதில்லை. தேர்வான ஒருவன் மாற்றுக் கருத்து உண்டா என்றாவது கேட்டான். மற்றவன் கடிகாரத்தைப் பார்த்தான். நீங்கள் இரண்டுக்கும் இடம் தரவில்லை."

பதில் என்னிடம் இருந்தது. எனக்கு எப்போதும் பதில் இருக்கும். ஆனால் அவர் தேநீரைக் கீழே வைத்துவிட்டுத் தொடர்ந்தார்.

"அந்த நீல் தீவுப் பெண்ணை நினைத்தால்தான் கோபம் வருகிறது. அவள் கண்டுபிடித்திருக்கிறாள். தாளில் வட்டம் போட்டிருக்கிறாள். வட்டம் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். உங்களிடமாவது பேச்சைக் குறை என்று சொல்லலாம். பார்த்ததைச் சொல்லாத ஒருத்தியை நான் பக்கத்து இருக்கையில் எப்படி உட்காரவைப்பேன்? கோப்பில் எழுதிவிட்டேன். 'பார்க்கிறார், சொல்வதில்லை.' இந்தத் தொழிலில் அது அழியாத வரி. அடுத்த நிறுவனம் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்."

அந்த இடத்தில் ஒரு வாக்கியம் போதும். 'மூன்று முறை சொன்னார், நான்தான் சொல்ல விடவில்லை.' ஆறு சொற்கள் இருக்குமா? நீதியைப் பற்றிப் பத்து நிமிடம் முழங்கிய வாய் அந்த ஆறு சொற்களுக்குத் திறக்கவில்லை. ஏனென்றால் அவர் அடுத்து இன்னொன்றும் சொன்னார். "மழைக்காலம் முடிந்ததும் மறுபடி ஆள் எடுப்போம். நீங்கள் வரலாம். கேட்கக் கற்றுக்கொண்டால் உங்களுக்கு நல்ல குரல்." எனக்கு ஒரு கதவு ஒரு விரற்கடை திறந்திருந்தது. உண்மையைச் சொன்னால் அது சாத்தப்படும். நன்றி சொல்லி, கைகுலுக்கி, வெளியே வந்தேன். குலுக்கியதும் அதே வலக்கை.

அன்று பிற்பகல் எனக்கு ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் பணி இருந்தது. நீல் செல்லும் படகு இரண்டு மணிக்கு. பயணிகள் வரிசை கூரைக்கு வெளியே வெயிலில் நீண்டிருந்தது. வரிசையின் நடுவில், காலியான இரண்டு காய்கறிக் கூடைகளை ஒன்றில் ஒன்று அடுக்கிப் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். என்னைப் பார்த்தாள். வரிசையைவிட்டு நேராக என் மேசைக்கு வந்தாள். நாங்கள் பேசியது தீவின் ஹிந்தியில்; இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"என்ன பாஷண் பாபு, உனக்கும் இல்லையாமே?" பாஷண் என்றால் மேடைப் பேச்சு.

"இல்லை."

"கேப்டன்கிட்ட போய்க் கேட்டியா?"

"கேட்டேன்."

"என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா? போன்ல அந்த மேடம் என்கிட்ட, நீ வாயே திறக்கலைன்னு கோப்புல இருக்குன்னு சொன்னாங்க. காலையிலேர்ந்து யோசிக்கிறேன். நான் பேசலையா? பக்கத்துல நீதானே இருந்தே. உனக்குக் கேட்டுச்சா இல்லையா?"

"பாருங்க, அந்தச் சூழ்நிலையில ஒரு குழு எடுக்கிற முடிவுங்கிறது..."

"பாஷண் வேணாம். கேட்டுச்சா, இல்லையா?"

"கேட்டுச்சு."

"எத்தனை தடவை?"

"மூணு தடவை."

"மூணாவது தடவை என் தாள் எங்க இருந்துச்சு?"

நான் என் கையைப் பார்த்தேன். அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது.

"கேப்டன்கிட்ட இதைச் சொன்னியா?"

"சொல்லலை."

அவள் கூடைகளைக் கீழே வைத்தாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். கோபத்துக்கு என்னிடம் விடைகள் உண்டு. அவள் சிரித்தாள். "வா ரே வா. நீல்ல, எங்க வீட்டு முற்றத்துல நின்னா எதிர்க்காத்து அடிக்கிற நாள்ல உன் சத்தம் வர்ற மாதிரியே இருக்கும். அவ்வளவு குரல். இதை மட்டும் சொல்ல வரலை."

"தம்பி!" என்று படகுப் பலகையருகிலிருந்து பாய் கத்தினார். "கதை அப்புறம். போர்டிங் சொல்லு!"

மைக்கை எடுத்தேன். எடுத்ததும் ஒரு எண்ணம் வந்தது. இங்கேயே, இந்த ஒலிபெருக்கியிலேயே, வரிசையில் நிற்கும் இத்தனை பேர் முன்னிலையில் மன்னிப்புக் கேட்டுவிடலாம். முதல் வாக்கியம்கூட அமைந்துவிட்டது. அழகாக அமைந்தது. பொத்தானை அழுத்தி, "பயணிகளே, இன்று உங்கள் முன் ஒரு குற்றவாளி..." என்று தொடங்கினேன்.

அவள் கையை நீட்டி மைக்கை அணைத்தாள்.

"மைக் பந்த் கர். ஸ்பீக்கர்ல மாப்பி கேட்டா அதுக்கும் உனக்குத்தான் கைதட்டுவாங்க. நான் மறுபடியும் ஓரமா நிக்கணும், அதுதானே?"

வரிசையில் முன்னால் நின்ற ஒருவர், "என்ன ஆச்சு, குற்றவாளி யாரு?" என்று கேட்டார். "டிக்கெட் எடுக்காதவனா?" என்றார் இன்னொருவர். பாய் விறுவிறுவென்று வந்து, எங்கள் இருவர் முகத்தையும் பார்த்து, மைக்கை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டார். கேட்டு, டைம், பேர் என்று மூன்றே சொல்லில் நீல் படகை அறிவித்தார். எல்லோருக்கும் புரிந்தது. வரிசை நகர்ந்தது.

அவள் கூடைகளை எடுத்துக்கொண்டாள். "நான் மன்னிப்புக் கேக்கச் சொல்லலை" என்றாள். "அந்தக் கோப்புல ஒரு பொய் இருக்கு. அது பொய்யின்னு தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான். என்ன செய்யப் போறே? இப்பச் சொல்லு. மைக் இல்லாம. ஆனா சத்தமா."

படகின் எஞ்சின் ஓடத் தொடங்கியிருந்தது. என் இருபது ஆண்டுப் பயிற்சியும் எனக்கு ஒரு உவமையைக்கூடக் கொடுத்து உதவவில்லை. கதவு விரற்கடை திறந்திருப்பது நினைவுக்கு வந்தது. மழை முடிந்து வரப்போகும் அந்தத் தேர்வு, அப்பா பாலிஷ் போட்ட ஷூ, முனையில் வெயிலில் வெளுத்துப்போன அந்த ஃபிளெக்ஸ். இப்போதும் கசக்கிறது. இந்தத் தொழிலில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். சொன்ன சொல் எனக்கு முன்னே எல்லாக் கொட்டகைக்கும் போய்ச் சேர்ந்துவிடும். இருநூற்று நான்கு மணி நேரத்தை எனக்குத் தந்த தொழிலே இருநூற்று ஐந்தாவது மணி நேரத்தை இதற்காக மறுக்கும் என்பது எனக்குத் தெளிவாகவே தெரிந்தது. அவள் போகாமல் நின்றாள். பாய் மைக்கை மேசையில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, சற்றுத் தள்ளி நின்றார்.

எஞ்சின் சத்தத்துக்கு மேல் கேட்கும்படி, தொண்டை வலிக்கச் சொன்னேன்:

"இன்னைக்கே கேப்டனுக்கு எழுதுறேன். என் பேரைப் போட்டு, கையெழுத்துப் போட்டு எழுதுறேன். நீ மூணு தடவை சொன்னே, நான்தான் சொல்ல விடலை. மூணாவது தடவை உன் தாள் என் கைக்கு அடியில இருந்துச்சு, நான் அதைப் படிச்சேன், படிச்சுட்டுத்தான் மறைச்சேன். கேப்டன் உன் கோப்புல எழுதின 'பார்க்கிறார், சொல்வதில்லை'ங்கிற வரி என்னோடது. அதை என் கோப்புல எழுதச் சொல்றேன்."